ஆறாவது மாதத்துக் குரல்

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1997-இல். திருச்சி தில்லைநகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டு மேசை போட்ட மாடி அறை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை என்று வாசலில் பலகை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் கட்டம் கட்டி விளம்பரம் கொடுப்போம். அந்த வாரம் நாலைந்து பேர் படியேறி வருவார்கள். அவர்களிலும் பாதிப் பேர் விசா கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அந்த வருஷக் கடைசியில், எங்கள் மூலம் டெக்சாஸ் போயிருந்த ஒரு பையனின் அப்பா, மகன் எழுதிய கடிதத்தை எடுத்துவந்து காட்டினார். மெல்லிய நீலத் தாளில் ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தான். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனது இந்திய மாணவர் சங்கத்து சீனியர். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம், தரையில்தான் படுக்கை. முதல் வருஷம் வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை பார்க்கலாம், நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். குக்கர் கேஸ்கட் இங்கே கிடைக்கவில்லை, அடுத்து வருகிறவரிடம் இரண்டு கொடுத்தனுப்புங்கள். அவர் சம்மதத்தோடு அதை ஜெராக்ஸ் எடுத்து, வருகிறவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. நாளிதழ் விளம்பரம் பார்த்து வந்தவர்களைவிட, அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள் அதிகம். கல்லூரியின் பெயரை ஒருமுறை கேட்டார்கள். தரையில் படுப்பதையும் கேஸ்கட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இருபத்தெட்டு வருஷத்தில் நான் கற்ற தொழிலின் பெரும்பகுதி அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அது எனக்கு உறைக்க ஆர்குட், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றாக வர வேண்டியிருந்தது. சில குடும்பங்கள் அதற்கு விலையும் கொடுத்தன.

அன்று தகவல் கிடைப்பதுதான் அரிது. பையன்கள் ராத்திரி ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இருந்த, அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் யூசெஃபி அமைப்பின் நூலகத்துக்குப் போவார்கள். தலையணை கனத்துப் புத்தகங்களிலிருந்து கல்லூரி முகவரிகளை நோட்டில் எழுதிக்கொண்டு இரவு வண்டியில் திரும்புவார்கள். விண்ணப்பம் கேட்டு ஒரு கடிதம், டாலரில் டிமாண்ட் டிராஃப்ட், பதிலுக்கு இரண்டு மாதக் காத்திருப்பு. விசா கிடைத்துவிட்டால் சொந்தக்காரர்கள் தெருமுனையில் போஸ்டர் ஒட்டுவார்கள். மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் எங்கள் குடும்பத்துச் செல்வனை வாழ்த்துகிறோம் என்று, பாஸ்போர்ட் போட்டோவோடு. லால்குடியில் ஒரு போஸ்டர் ஒட்டினால் அடுத்த வாரம் லால்குடியிலிருந்து மூன்று பேர் வருவார்கள். பக்கத்துத் தெருப் பையன் போயிருக்கிறான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய சான்றிதழ்.

2005, 2006 வாக்கில் ஒரு மாணவிதான் எனக்கு ஆர்குட்டைக் காட்டினாள். அந்த ஆண்டு இலையுதிர் பருவத்தில் சேரப்போகிறவர்கள் ஒரு குழு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குழு என்று இருந்தது. நான் இரவு பத்து மணிக்கு மேல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் படிப்பேன். யாருக்கு ரூம்மேட் வேண்டும், எந்தப் பேராசிரியர் நிதி தருவார், புளியும் மிளகாய்த்தூளும் எத்தனை கிலோ கொண்டுபோகலாம், குளிர் கோட்டை இங்கே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா. ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டே வந்தேன். அறுபதைத் தாண்டியது. எங்கள் அலுவலகத்துப் பளபளப்பான கையேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அது நாலு கேள்விக்குத்தான் பதில் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குழுக்களில் விளம்பரம் போடுவதை விட்டுவிட்டுத் தெரிந்த கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். 2008 கடைசியில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, படித்து முடித்தவர்கள் வேலை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அன்றைய முதலாளி, நம் ஆட்களை அந்தக் குழுவிலிருந்து விலகச் சொல் என்றார். நான் விலகவில்லை. அவர்கள் எழுதியதையே கேட்டவர்களிடமும் சொன்னேன். அந்த ஆண்டு எங்கள் ஃபைல்கள் பாதியாகக் குறைந்தன. இந்தத் தொழிலில் ஒரு மாணவரை ஃபைல் என்றுதான் சொல்வோம். இரண்டு வருஷம் கழித்து, அன்று வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பியவர்களின் தம்பி தங்கைகள் வந்தார்கள்.

தொழில் எதில் ஓடுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கன்சல்டன்சிகள் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இலவச ஆலோசனை என்று எழுதியிருப்பது உண்மைதான். பணம் பல்கலைக்கழகத்திடமிருந்து வருகிறது. மாணவர் கட்டும் முதல் ஆண்டுக் கட்டணத்தில் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் கமிஷன். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் இது வழக்கம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை. உதவித்தொகைத் திட்டங்கள் எவையும் தருவதில்லை. உங்கள் போனில் எந்த நாட்டைப் பற்றிய வீடியோ அதிகம் வருகிறது, எதைப் பற்றி வருவதே இல்லை என்று பாருங்கள். கமிஷன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நானும் இந்தக் கமிஷனில்தான் என் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பல்கலைக்கழகத்தை அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டு மூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். சிலருடைய காலில் கண்காணிப்புக் கருவி மாட்டிய படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பெற்றோர் எங்கள் படிக்கட்டில் நின்றார்கள். அதைவிடப் பெரிய பாடம் 2019-இல் வந்தது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. அமெரிக்கக் குடியேற்றத் துறையே விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க உருவாக்கிய பொய்ப் பல்கலைக்கழகம் அது. இணையதளம் இருந்தது, ஃபேஸ்புக் பக்கம் இருந்தது, அரசின் அங்கீகாரப் பட்டியலிலும் பெயர் இருந்தது. வகுப்பும் ஆசிரியரும் மட்டும் இல்லை. முதல் சுற்றிலேயே இந்திய மாணவர்கள் 129 பேர் கைதானார்கள்.

அதுவரை நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தது, அரசுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பார் என்பது. அன்றிலிருந்து இன்னும் மூன்று கேள்வி சேர்த்தேன். வகுப்பு எந்தக் கட்டடத்தில், வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது? பாடம் எடுப்பவர் பெயர் என்ன? போன வருஷம் அங்கே படித்த ஒருவரோடு நான் இன்று பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தைப் பற்றி என் பக்கத்தில் ஒரு வரிகூடப் போடுவதில்லை.

இதற்கு நடுவே, 2016 செப்டம்பரில் மலிவு இணையத்தோடு ஜியோ வந்தது. அதுவரை கல்லூரி வாசல்களில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே வருஷத்தில் முசிறியிலும் பெரம்பலூரிலும் இருந்த பிள்ளைகள் லண்டனில் நடக்கிற தமிழ்ப் பையனின் யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஃபேஸ்புக்கில் பெயரும் எண்ணும் கொடுத்தால் அதற்குப் பெயர் லீட். ஐந்து நிமிஷத்துக்குள் கூப்பிடு, இல்லாவிட்டால் இன்னொரு அலுவலகம் கூப்பிட்டுவிடும் என்பது சட்டம். எங்கள் கணக்கில் 100 லீடுக்கு இரண்டு பேர் விமானம் ஏறுவார்கள். மீதி 98 பேரை மறுபடி மறுபடி கூப்பிடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்தோம். 2020-இல் டிக்டாக் தடையானதும் ரீல்ஸ் வந்தது. அரை நிமிஷத்துக்குள் ஒரு நாட்டைச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

பிரிட்டன் 2012-இல் நிறுத்தியிருந்த படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியைத் திரும்பக் கொண்டுவருவதாக 2019-இல் அறிவித்து, 2021 ஜூலை 1-இல் திறந்தது. அன்றைய விதிப்படி ஒரு வருஷம் முதுகலை, அதன்பின் இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம். அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு ரீல் போட்டேன். எங்கள் மாணவன் ஒருவன் பனி கொட்டும் தெருவில் கையை விரித்துச் சிரிக்கிறான். மேலே எழுத்து: படிப்பு 1 வருஷம், வேலை 2 வருஷம். அவன் அங்கே போய் இறங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஒரு ரீலைப் பார்த்து வந்தவர்களில் நாற்பது பேருக்கு மேல் 2022-இல் பிரிட்டன் போனார்கள். எங்கள் அலுவலகம் அதுவரை காணாத எண்ணிக்கை அது.

அதே காலத்தில்தான் உக்ரைன் போர். 2022 பிப்ரவரி 24 காலை. மருத்துவம் படிக்க நாங்கள் அனுப்பிய பிள்ளைகள் கார்கிவில் இருந்தார்கள். பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கல்லூரிப் படங்கள் போட. அன்றே அதில் 256 பேர் நிறைந்துவிட்டார்கள். அப்போது ஒரு குழுவில் அதற்கு மேல் சேர்க்க முடியாது. மெட்ரோ ரயில் நிலையத்தின் தரையில் படுத்திருந்த பிள்ளைகள் அனுப்பிய படங்கள், போன் சார்ஜ் எத்தனை சதவீதம் மீதி, தண்ணீர் எங்கே கிடைக்கிறது, எந்த எல்லைக்கு ரயில் போகிறது. பாஸ்போர்ட் எண், இருக்கும் இடம், அப்பா அம்மா எண் என்று நாங்கள் ஒரு பட்டியல் போட்டு, மாநில அரசின் உதவி மையத்துக்கு நாளுக்கு நாலு தடவை அனுப்பினோம். ஆபரேஷன் கங்கா விமானங்களில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு விளம்பரமும் போடவில்லை. ஆனால் நான் அந்தக் குழுவை மேலே தள்ளிப் பழைய பதிவுகளைப் படித்தேன். குறைந்த கட்டணம், ஐரோப்பாவில் மருத்துவம் என்று எத்தனை போட்டிருக்கிறோம்! திரும்பி வந்தால் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுத வேண்டும், அதில் தேறுகிறவர்கள் குறைவு என்று ஒரே ஒரு இடத்தில், யாரோ ஒரு அம்மா கேட்டதற்குப் பதிலாக எழுதியிருந்தேன். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதி, அதாவது 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது, எங்கேயும் இல்லை.

2023-இல் ஒரு நாள், துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். விவசாயி. போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தேடி, என் முன்னால் வைத்தார். அந்தப் பனி ரீல். சேமித்து வைத்திருந்தார்.

“இதைப் பாத்துட்டுத்தான் தம்பி அவன் கேட்டான். நானும் பாத்தேன். இதுல பொய்யின்னு ஒண்ணும் இல்லை. ஆனா அவனுக்கு இதுல இருக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலையே.”

மகன் கூப்பிடும்போது எல்லாம் நல்லா இருக்கு என்கிறானாம். அன்று காலைதான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஒரு அறையில் மூன்று பேர். கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று சட்டம் சொன்னாலும், கிடங்கில் அவனுக்குக் கிடைத்தது சில வாரம் எட்டு மணி, சில வாரம் ஒன்றுமில்லை. படிப்பு முடியப்போகிறது, ஒரு நேர்காணலும் வரவில்லை. நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்குத் தவணை ஆரம்பிக்கப்போகிறது. அவர் கோபப்படவில்லை. அடுத்து என்ன பண்ணலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அவர் சொன்னது சரி. ரீலில் பொய் இல்லை. இரண்டு வருஷம் வேலை பார்க்க அன்று அனுமதி இருந்தது. வேலை தருவதாக யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியைச் சொல்லாமல் விட்டது நான். அடுத்த ஏப்ரலில் பிரிட்டன் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக உயர்த்தியது. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு வரம்பு சற்றுக் குறைவு என்றாலும் அந்தப் பையனுக்கு அதுவும் எட்டவில்லை. அவன் 2024 கடைசியில் ஊர் திரும்பினான். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். கடன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அப்பா இறங்கிப்போன அன்று சாயங்காலம் ரீலை எடுத்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு விதி போட்டேன். போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவரை வைத்து எதையும் போடக் கூடாது. முதல் மாதம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். ஆறாவது மாதத்தில்தான் கொண்டுபோன பணம் கரைந்திருக்கும், முதல் தேர்வு முடிந்திருக்கும், குளிர் பழகியிருக்கும் அல்லது பழகாது என்று தெரிந்திருக்கும். அன்று அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை, அவர்கள் சம்மதித்தால், குரல் பதிவாக அப்படியே போடுவது. முகம் வேண்டாம், பாட்டு வேண்டாம், வெட்டவும் கூடாது.

விதி போட்டது சுலபம். லீட் பாதிக்கு மேல் விழுந்தது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி, எங்கள் படங்களை ஏன் போடுவதில்லை என்று கேட்டார். உங்கள் மாணவர் ஒருவர் ஆறாவது மாதம் பேசட்டும், போடுகிறேன் என்றேன்.

ஜெர்மனியைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தோம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற வரி எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெள்ளைப் பலகையில் எண்களை எழுதினேன். விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 2022 நவம்பரிலிருந்து, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். அந்த வேலைக்குப் பல இடத்தில் ஜெர்மன் மொழி கேட்பார்கள். மூவாயிரம் பேர்தான் பார்த்தார்கள். ஆனால் பார்த்துவிட்டு வந்த பெற்றோர் பலகையில் இருந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அதற்குக் கீழே தங்கள் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் பேசி விளக்க வேண்டியிருந்த இடத்தில் இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது.

இன்னொரு வேலையும் தொடங்கினோம். வாரத்தில் ஒரு நாள், நமக்குக் கமிஷன் வராத ஒன்றைப் பற்றி எழுதுவது. ஃபுல்பிரைட், காமன்வெல்த், இந்திய மாணவர்களைக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கும் ஜெர்மன் டி.ஏ.ஏ.டி. அமைப்பின் வைஸ் திட்டம், மாநில அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தரும் அயலக உயர்கல்வி உதவித்தொகை. அதிகம் எழுதியது எராஸ்மஸ் முண்டஸ் பற்றி. குறைந்தது இரண்டு நாடுகளில் மாறி மாறிப் படிக்கும் முதுகலை அது. தேர்வானவருக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ உதவித்தொகை. 2004-இலிருந்து இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் பத்தொன்பது வருஷம் அதைப் பற்றி நான் யாரிடமும் வலியச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, கேட்காததற்குக் காரணம், யாரும் சொல்லாததுதான்.

அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு அரசுக் கல்லூரி மாணவி வந்தாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நோக்க அறிக்கையை ஏழு தடவை திருத்தி எழுதினாள். முதல் வருஷம் காத்திருப்போர் பட்டியலில் நின்றுவிட்டது. இரண்டாவது வருஷம் கிடைத்தது. எங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அவள் ஆறாவது மாதம் அனுப்பிய குரலைக் கேட்டு அவள் கல்லூரியிலிருந்து மட்டும் ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். லால்குடித் தெருமுனை போஸ்டர் செய்த வேலையை அந்தக் குரல் செய்தது.

2025 ஜூனில் இன்னொரு திருப்பம். எஃப், எம், ஜே விசா கேட்கிறவர்கள், அதாவது மாணவர்களும் பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்களும், தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்கா அறிவித்தது. கணக்குப் பெயர்களை விண்ணப்பத்தில் கேட்பது 2019-லேயே வந்துவிட்டது. இப்போது உள்ளே போய்ப் படிக்கிறார்கள். பிள்ளைகள் பயந்துபோய் வந்தார்கள். எதை அழிப்பது அண்ணா என்று கேட்டார்கள். விண்ணப்பத்தில் எழுதியதும் கணக்கில் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கட்டும், ஒரு கணக்கையும் மறைக்காதே என்றேன். சொல்லிவிட்டு, அதே ஆலோசனையை என் அலுவலகத்தின் பக்கத்துக்கும் பொருத்திப் பார்த்தேன். நாளை ஒரு அதிகாரி நாங்கள் போட்டதை முதல் பதிவிலிருந்து படித்தால், ஒரு அப்பா படித்தால், எதைப் பற்றிக் கேட்பார்? இன்னும் சில பழைய பதிவுகளை எடுத்தோம்.

போன வருஷத்துக்கு முந்தைய பங்குனியில், கிழக்கு ஜெர்மனியின் ஒரு சிறு நகரத்திலிருந்து எங்கள் பையன் அனுப்பிய குரல் இது. பேச்சுக்கு நடுவே டிராம் போகும் சத்தம் கேட்கும்.

“அண்ணா, கோர்ஸ் நல்லா இருக்கு, புரொபசர் எல்லாம் நல்லா சொல்லித் தர்றாங்க. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அதுதான் கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு. வேலைக்கு அறுபது இடத்துல அப்ளை பண்ணேன். மூணு பேர்தான் பதில் போட்டாங்க, மூணு பேரும் ஜெர்மன் கேட்டாங்க. நான் ஜெர்மன்ல ஏ1 லெவலோட வந்துட்டேன். வர்றவங்களை பி1 முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. ஒரு வருஷம் லேட்டானாலும் பரவாயில்லைன்னு சொல்லுங்க. நான் இப்போ சாயங்காலம் கிளாஸ் போறேன்.”

அதை அப்படியே போட்டோம். முசிறியிலிருந்து ஒரு பெண், அட்மிஷன் கடிதம் கையில் இருந்தும், அதைக் கேட்டுவிட்டு அப்பாவோடு வந்தாள். ஒரு வருஷம் தள்ளிப் போடுகிறேன் சார் என்றாள். அப்பாவுக்கு மனசில்லை, கிடைத்த இடம் போய்விடுமே என்றார். மூவரும் உட்கார்ந்து அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டோம். டிராம் சத்தம் முடிகிறவரை அவர் ஒன்றும் பேசவில்லை. சரிம்மா, படி என்றார்.

அவள் பி1 முடித்து, மறுபடி விண்ணப்பித்து, இந்த அக்டோபரில் போனாள். விமான நிலையத்தில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள், அழகான படம். அதை நாங்கள் போடவில்லை. அவளுடைய ஆறாவது மாதம் வருகிற பங்குனியில்.